சபரும் சஃபாரியும்

தென்னாப்பிரிக்காவா, போட்ஸ்வானாவா? சிங்கம் எங்கே பக்கத்தில் வரும், எந்த விடுதியில் தனி நீச்சல் குளம் உண்டு? நம்மில் கொஞ்சம் வசதி வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது இதுதான் பேச்சு. அவ்வளவு செலவுக்குக் கை எட்டாதவர்கள் கேமரன் மலையில் ஒரு பங்களாவைப் பதிவு செய்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பயணம் என்று தோன்றலாம். இரண்டிலும் விற்கிற சரக்கு ஒன்றுதான்: வெள்ளைக்கார துரை உட்கார்ந்து உலகத்தைப் பார்த்த வராந்தா.

சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல். பயணம் என்று பொருள். அதன் வேர் அரபியில் உள்ள 'சஃபர்'. அதே சொல் நம்மிடமும் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் 'சபர்' போவது என்றால் கடல் தாண்டிப் பிழைக்கப் போவது. போனவர் சபுராளி. ஒரு வேர்ச்சொல், இரண்டு கிளை. ஒன்று பிழைப்பு, இன்னொன்று பொழுதுபோக்கு. கேமரன் மலைக்குப் போகும் தமிழன் எந்தக் கிளையில் உட்காருகிறான் என்பதுதான் என் கேள்வி.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அங்கே ஏறினார். மலைக்கு அவர் பெயர் வந்தது. அவருக்கு முன்பே அங்கே வாழ்ந்த செமாய் மக்களின் பெயர் எந்த மலைக்கும் ஒட்டவில்லை. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை கப்பல்கள் வந்தன. இன்று நாம் படம் எடுத்துப் போடுகிற அந்தப் பச்சைச் சரிவுகள் இயற்கை கொடுத்தவை அல்ல. காட்டை வெட்டி, கன்று நட்டு, கவாத்து செய்து உண்டாக்கியவை.

விளம்பரத்தைப் பாருங்கள். ஆங்கிலேய பாணி வீடு, கணப்பு, ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ஸ்கோன், பிரிஞ்சாங் சிகரத்துக்கு லேண்ட் ரோவர் சவாரி. சஃபாரியில் ஓடுவதும் அந்த வண்டிதானே! அங்கே யானை தெரியும், மேய்ச்சல்காரன் தெரியமாட்டான். இங்கே கொழுந்து தெரியும், லயம் தெரியாது.

1967 மார்ச் 26 அன்று ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கப் பட்டு வியாபாரி தானா ராத்தா பக்கம் ஒரு பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவில்லை. அவரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, அவர் நடந்த பாதையைக் காட்ட வழிகாட்டிகள் உண்டு. ஒரு பணக்காரன் காணாமல் போனால் அது மர்மம். லயத்தில் பிறந்து லயத்தில் செத்து, பேரே மிஞ்சாமல் போனவர்கள் காணாமல் போனதாகக்கூடக் கணக்கில் இல்லை.

"லீவுக்குப் போற எடத்துல எதுக்குங்க வரலாற்றுப் பாடம்?" என்பார்கள். பாடத்தை ஆரம்பித்தது நானா? 'காலனியக் காலத்து அழகு' என்று போட்டுக் காசு வாங்குவது விளம்பரம்தான். வரலாறு வேண்டாம் என்றால் அந்த அழகும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. "எங்க தாத்தா இங்க கூலி. நான் துரை பங்களாவுல தங்குறேன். இது ஜெயிப்பு இல்லையா?" இந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். பெரட்டுக்கு நேரமானால் திட்டு வாங்கியவரின் பேரனுக்கு அந்த நாற்காலி மேல் கண் இருப்பது நியாயம். ஆனால் நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. உட்காரும் ஆள் மட்டும் மாறியிருக்கிறான். கீழே சரிவில் நிற்பவனும் மாறியிருக்கிறான்.

இப்போது அங்கே குனிந்து நிற்பவர்களில் பலர் வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். மலேசியாவில் வங்காளதேசத்துத் தொழிலாளியை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? 'பங்களா'. கொஞ்சம் இளக்காரத்தோடு. துரை வீட்டுக்குப் பங்களா என்று பெயர் வந்ததே வங்காளத்து வீட்டு அமைப்பிலிருந்துதான். வீட்டுக்கு வைத்தால் மரியாதை, ஆளுக்கு வைத்தால் வசை. நம் தாத்தாக்களை 'கிளிங்' என்று கூப்பிட்ட அதே தொனி. 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். உங்கள் அறையின் ஒரு நாள் வாடகையால் அதை வகுத்துப் பாருங்கள்.

வேறு வழியே கிடையாதா? தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவுக்காக 1969இல் மகுலேகே மக்களை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டினார்கள். 1998இல் அவர்கள் உரிமை கோரி நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பூங்கா பூங்காவாகவே இருக்கிறது, ஆனால் நிலம் அவர்களுடையது. அங்குள்ள சஃபாரி விடுதிகளின் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் யார் வீட்டு விருந்தாளி நாம் என்பது அங்கே தெரிகிறது. தோட்டத்துத் தமிழனுக்கு அந்த மாதிரி ஒரு பிடி மண் கிடைத்ததா? வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் லயத்தின் சட்டம்.

கடைசியாக, எழுதுகிற படிக்கிற நம்மைப் பற்றி. தோட்டத்து நாவல் என்றால் உருகிப் போகிறோம். கங்காணி, கிராணி, கள்ளுக்கடை, ரப்பர் பால் வாசனை என்று எல்லாம் நமக்கு மனப்பாடம். அந்த நாவலைப் பையில் வைத்துக்கொண்டே பங்களா வராந்தாவில் தேநீர் குடிக்கிறோம். எதிரே வெட்டு இயந்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கிற இருவரின் கதை தமிழில் எத்தனை வந்திருக்கிறது? நம் துயரம் இலக்கியம், அவர்கள் துயரம் பின்னணிக் காட்சியா?

கேமரன் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள், தேநீரும் குடியுங்கள். வராந்தாவிலிருந்து ஒரு தடவை இறங்கி, லயம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அங்கே இருப்பவரின் பெயரைக் கேளுங்கள். நம் தாத்தாவிடம் எந்த விருந்தாளியும் கேட்காத கேள்வி அது.