தன்னார்வலருக்கு விதி, முதலாளிக்கு விலக்கா?

உலகெங்கும் கணினிகளை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை உருவாக்குவோர் 2018 செப்டம்பரில் தங்களுக்கெனப் புதிய நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டனர். அதே நாட்களில் அதன் மூலவர் லினஸ் டோர்வால்ட்ஸ், சக பங்களிப்பாளர்களைக் கடுஞ்சொற்களால் தாக்கி வந்ததற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரி, சிறிது காலம் பொறுப்பிலிருந்து விலகி நின்றார். திறமை இருந்தால் போதும், நடத்தையைப் பற்றிக் கேட்காதே என்ற வாதம் அன்று பலத்த அடி வாங்கியது.

அவ்விதிகள் 'பங்களிப்பாளர் உடன்படிக்கை' என்னும் மாதிரித் தொகுப்பிலிருந்து உருவானவை. அத்தொகுப்பின் 2.1ஆம் பதிப்பு, எந்த அடையாளத்தின் பேராலும் எவரும் துன்புறுத்தப்படலாகாது என்னும் பட்டியலில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. இது சிறிய திருத்தமன்று. சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் விளங்கியது 2023இல்தான். சாதி கடல் கடந்து சென்றுள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெங்களூரில் விதிகளை வரைய முற்படும் கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு இதில் பாடம் உண்டு. "நாங்கள் சாதி பார்ப்பதில்லை" என்று கூறி அச்சொல்லைத் தவிர்ப்பது, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதேயாகும். அதுபோன்றே, புகாரை விசாரிப்போர் யார் என்பதை விதியிலேயே எழுத வேண்டும். திட்டத்தின் தலைமையாளர் மீதே புகார் எழுந்தால், அவரே நீதிபதியாக அமரலாகாது. விசாரணைக் குழுவில் பெண்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் இடம்பெற வேண்டும்.

இந்நகரின் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். பணிநேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம், குறைதீர்ப்பு ஆகியவற்றுக்கு எழுத்துவடிவில் விதி வகுக்குமாறு முதலாளிகளைப் பணித்தது 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம். கர்நாடக அரசோ தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அதிலிருந்து தொடர்ந்து விலக்களித்து வந்தது. 2024இலும் அதனை நீட்டித்தது. குறைதீர்ப்புக் குழு அமைத்தல் போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால் அவை நிலையாணைகளுக்கு ஈடாகமாட்டா.

ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள் தங்களைத் தாங்களே விதிக்கு உட்படுத்திக்கொள்கின்றனர். அவர்களின் உழைப்பைக் கொண்டு லாபம் ஈட்டும் நிறுவனங்களோ விதியிலிருந்து விலக்குக் கேட்கின்றன. இம்முரண்பாட்டை மென்பொருள் ஊழியரிடையே எடுத்துச் செல்வதும், 2017 முதல் பெங்களூரில் செயல்படும் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கமான கிட்டுவின் கரங்களை வலுப்படுத்துவதும் தோழர்களின் உடனடிக் கடமையாகும்.