பருத்திக்குப் போகும் குடும்பம்

காஞ்சீபுரம் என்றால் பட்டு. சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் பட்டுத் தறியில் உட்காரும் நெசவாளியின் இடுப்பில் இருப்பது பருத்தி வேட்டி. தோளில் கிடப்பது பருத்தித் துண்டு. காந்தி ரோட்டுக் கடையில் கல்யாணப் பட்டு எடுக்கும் குடும்பமும், மறுநாள் வீட்டில் உடுத்துவது பருத்திதான்.

அந்தப் பருத்தி யார் தலையில் ஏறி வருகிறது?

தமிழ்நாட்டில் பருத்தி பெரம்பலூர்ப் பக்கம் விளைகிறது. விருதுநகர், கோவில்பட்டிக் கரிசலில் விளைகிறது. திருவாரூர்ப் பக்கம் கோடைப் பருத்தியும் உண்டு. காய் வெடித்துவிட்டால் காத்திருக்க முடியாது. ஒரு மழை பெய்தால் பஞ்சு கறுத்துப் போகும். ஆகவே ஒரே சமயத்தில் நிறையக் கைகள் வேண்டும். உள்ளூர்க் கைகள் போதாது. வெளியூர்க் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து இறங்குகின்றன.

இந்த வேலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பஞ்சாலைக்குப் போகும் ஒரு பேல் பஞ்சு 170 கிலோ. விதையை நீக்கினால் பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. அப்படியானால் ஒரு பேலுக்குச் சுமார் 500 கிலோ பருத்தி வேண்டும். ஒரு காயில் கிடைப்பது ஏறக்குறைய 4 கிராம். ஒரு பேலுக்குள் 1,25,000 காய்கள்! அத்தனையும் கையால் எடுத்தவை. அத்தனையும் மடியில் கட்டி, சாக்கில் திணித்து, காலால் மிதித்து, வரப்பு வழியே சுமந்து, வண்டியில் ஏற்றியவை.

பஞ்சு லேசு என்று நினைப்பவர்கள் ஒரு பருத்தி மூட்டையைத் தூக்கிப் பார்க்கட்டும். எடை ஒரு பக்கம். அதன் பருமன் இன்னொரு பக்கம். தலையில் வைத்தால் கண்ணை மறைக்கும். வரப்பு தெரியாது. ஆணுக்கே 55 கிலோவுக்கு மேல் சுமை கூடாது. பெண்ணுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும். 1967-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு செய்த சிபாரிசு இது. வயலில் இதை யார் பார்க்கிறார்கள்? சுமை வண்டியில் ஏறிய பிறகு, அந்த மூட்டைகளின் உச்சியிலேயே ஆட்களும் உட்கார்ந்து வருகிறார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான்.

கூலி கிலோக் கணக்கில். எனவே தராசுதான் எஜமானன். பனி ஈரம் என்று கொஞ்சம் கழிப்பார்கள். தூசி என்று கொஞ்சம் கழிப்பார்கள். எடுத்தவள் தூரத்தில் நிற்பாள். தராசின் எண் அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அன்றைய எடையை ஒரு சீட்டில் எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டும். இதற்குப் பணம் காசு செலவில்லை. மனம் இருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய சங்கதி முன்பணம்.

வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி முதலில் கையில் பணம் கொடுப்பார். வீட்டில் சீக்கு, கல்யாணம், பழைய கடன். வாங்காமல் இருக்க முடியாது. கணக்கு மேஸ்திரியிடம். சோற்றுச் செலவு, வண்டிச் செலவு எல்லாம் அதில் ஏறும். பருவம் முடிந்தும் கடன் முடியாது.

காஞ்சீபுரத்துக்கு இது புதிதல்ல. பட்டுத் தறியிலும் முன்பணம் இருந்தது. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை தறிக்குழியில் உட்கார்ந்த காலமும் உண்டு. 2019 ஜூலையில் காஞ்சீபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாடே பார்த்தது. முன்பணத்துக்காகக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து வைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. கொத்தடிமையாகப் பிடித்து வைக்கக் காரணமான கடன் சட்டப்படி செல்லாது. அதற்காகப் பணம் திருப்பி வாங்குவதே குற்றம். மாவட்ட ஆட்சியரிடமோ, கோட்டாட்சியரிடமோ புகார் சொல்லலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். இதைப் படிக்கும் பிள்ளைகள் படிக்கத் தெரியாத அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும்.

பருத்திக்குப் போகும் வீட்டில் குழந்தை என்ன ஆகிறது? பாட்டியிடம் விட்டால் பள்ளி உண்டு, தாய் இல்லை. கூட அழைத்துப் போனால் தாய் உண்டு, பள்ளி இல்லை. இரண்டாவது குறையைத் தீர்க்கலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளையை ஆண்டின் நடுவிலும் அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பருத்தி விளையும் ஊர்த் தலைமை ஆசிரியர்கள், எடுக்கும் காலத்தில் ஒரு நடை களத்துமேடு வரை போய்வந்தால் எத்தனை பிள்ளைகள் பலகைக்கு வருவார்கள்!

சோற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. வேலைக்குப் போன ஊர்க் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். மேஸ்திரி கணக்கில் அரிசி வாங்க வேண்டியதில்லை. ஆனால் பலர் ரேஷன் கார்டை அடகு வைத்துவிட்டுப் போகிறார்கள். அடகு பிடிப்பவர் மீது நடவடிக்கை வேண்டும்.

நிலக்காரரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. பருத்தி விலை விழுந்தால் அவரும் கடன்காரர்தான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் கூறியதும் பணம் கைக்கு வந்தால், அவரும் கூலியை அன்றன்றே கொடுப்பார். அரசாங்கம் முதலில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த ஆண்டு பருத்திக்குக் கிளம்புகிறவர்கள் மூட்டை கட்டும்போது ரேஷன் கார்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் புத்தகப் பையையும் சேர்த்துக் கட்டுங்கள். வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று அந்தப் பையிலுள்ள நோட்டில், பிள்ளையின் கையாலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள்.