சூளைக்குத் திரும்பும் சுண்ணாம்பு

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில், கொச்சுவேளியில், 1946-இல் நிறுவப்பெற்ற திருவாங்கூர் டைட்டானியம் ஆலை இருக்கிறது. இல்மனைட் மணலைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெண்ணிறமி எடுக்கும் ஆலை அது. எஞ்சிய அமிலநீர் பல்லாண்டுகள் கடலிற் கலந்தது.

அமிலத்தை அடக்க வல்லது சுண்ணாம்பு. ஆனால் கந்தக அமிலமும் சுண்ணாம்பும் கூடினால் ஜிப்சம் விளைகிறது. மணலிலிருந்து வந்த இரும்பு அதற்குச் செந்நிறம் தருகிறது. அதனை மேடாகக் குவித்துவிட்டு அமிலம் ஒழிந்தது என்று அமைதி கொள்வோமாயின், நீரின் துன்பத்தை நிலத்துக்கு மாற்றியவர்களாவோமே தவிர வேறில்லை.

கரூர் மாவட்டம் புகழூரை அடுத்த காகிதபுரம் வேறொரு வழியைக் காட்டுகிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை அங்கே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. கூழ் வடித்த கருநீரை எரித்துக் கிடைக்கும் சோடாக் கரைசலில் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால், எரிசோடா மீண்டும் உருவாகிறது. சுண்ணாம்போ சேறாய் அடியிற் படிகிறது. அச்சேறு வேதியியலின்படி சுண்ணாம்புக் கல்லேதான். தூய நிலையில் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ கரிவளியாய் வெளியேறும். மீண்டும் மீண்டும் சுட்டு ஆலைக்குள்ளேயே சுழலவிடலாமே எனத் தோன்றும். சக்கையோடு வரும் மணற்சத்து (சிலிக்கா) அதற்குத் தடை. சுற்றுதோறும் அது சேற்றில் மிகுந்து, சுண்ணாம்பின் வீரியத்தைக் கெடுக்கிறது.

காகிதத்துக்குக் கேடான அந்த மணற்சத்தே சிமெண்டுக்கு வேண்டிய பொருள்! சுண்ணாம்புச் சேற்றையும் கொதிகலன் சாம்பலையும் கொண்டு சிமெண்ட் செய்ய, நாளொன்றுக்கு 600 டன் திறனுள்ள ஆலையை 2013-இல் அந்நிறுவனம் இயக்கத் தொடங்கியது. இம்முயற்சியை மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் ஈரச்சேற்றை உலர்த்த எரிபொருள் வேண்டும். எஞ்சிய சோடா சூளைக்குத் தீங்கு செய்யாதவாறு நன்கு கழுவவும் வேண்டும். சேற்றைச் சுடினும் கல்லைச் சுடினும் கரிவளி எழுவது ஒன்றே. எனினும் ஒரு மலை வெட்டுப்படாமல் நிற்கிறது. அரியலூர்ப் பகுதியில் நாம் தோண்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்தது. தோண்டிய பள்ளத்தை அக்கடல் இனி வந்து நிரப்பப் போவதில்லை.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், தக்க இசைவு பெற்றுக் கழிவை மூலப்பொருளாய்ப் பயன்படுத்த இடமளிக்கின்றன. இடமளித்தல் போதாது, கடமையாக்க வேண்டும். சிமெண்ட் இறுகும் வேகத்தை மட்டுப்படுத்தச் சிறிதளவு ஜிப்சம் எல்லாச் சிமெண்ட் ஆலைகளுக்கும் தேவை. செந்நிற ஜிப்சத்தில் உள்ள இரும்பையும் பிற உலோகங்களையும் ஆய்ந்து, தகுதியானதை அவ்வாலைகள் ஏற்க அரசு ஆணையிடட்டும். புதிய சுண்ணாம்புச் சுரங்கம் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும், அருகிலுள்ள ஆலைகளில் எத்துணை டன் சுண்ணாம்புச் சேறு தேங்கிக் கிடக்கிறது, அதில் எவ்வளவு பயன்படும் என்னும் கணக்கும் இணைக்கப்பட வேண்டும். அக்கணக்கு இல்லாத விண்ணப்பத்தைக் கேரள அரசும் தமிழக அரசும் திருப்பி அனுப்ப வேண்டும்.