சிவப்பு விளக்கும் சார்ஜ் ஷீட்டும்

1956 நவம்பர் 23 விடியற்காலை. அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தருகே, வெள்ளம் அரித்துப் போட்ட பாதையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். பெரம்பலூர், அரியலூர் ஜனங்கள் மறக்க முடியாத காலை அது.

இன்று விபத்து நடந்தால் மந்திரியைத் தேடுவாரில்லை. முதலில் தேடப்படுபவர் என்ஜின் டிரைவரே.

சிவப்பு சிக்னலைத் தாண்டினால் சஸ்பென்ஷன், சார்ஜ் ஷீட், பிறகு வேலை நீக்கம். ரயில்வே சட்டத்தின் 175வது பிரிவில் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. தண்டனையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆயிரம் உயிர்களை இழுத்துச் செல்பவன் அலட்சியமாயிருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அந்த வண்டியில் போவது நம் பெண்டு பிள்ளைகள்தானே!

ஆனால் 2024 ஜூன் 17 அன்று வங்காளத்தில் நடந்ததென்ன? காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதிய சில மணி நேரத்திலேயே, சிக்னலை மீறிய டிரைவர்தான் காரணம் என்றது ரயில்வே போர்டு. டிரைவர் செத்துக் கிடந்தார். பதில் சொல்ல வரமாட்டார் அல்லவா? பிறகு வந்த பாதுகாப்பு கமிஷனரின் விசாரணை வேறு கதை சொன்னது. சிக்னல் பழுது. தாண்டிப் போக ஸ்டேஷனில் கொடுத்த சீட்டில் வேகம் எவ்வளவு என்று குறிப்பிடப்படவில்லை. அதே சீட்டோடு அன்று காலை சென்ற மற்ற வண்டிகளிலும் பெரும்பாலானவை வேக விதியைக் கடைப்பிடிக்கவில்லை. எல்லாரும் ஒரே தவறைச் செய்தால், அது கற்றுக் கொடுக்காதவன் தவறா, கற்காதவன் தவறா?

மூன்றாம் நாள் இரவு ஷிப்டில் கண் சொருகி விரலைப் பறிகொடுத்த மில் தொழிலாளிக்கு இது புதிதல்ல. "உன் கவனக்குறைவு" என்றுதான் அவனுக்கும் மெமோ வந்தது.

பத்து மணி வேலை நேரம் என்ற வாக்குறுதியையே 1973ல் வேலை நிறுத்தம் செய்துதான் டிரைவர்கள் பெற்றார்கள். 2024ல் தென்னக ரயில்வே டிரைவர்கள் வாரத்துக்கு 46 மணி ஓய்வு, தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வேலையில்லை என்று கேட்டார்கள். கிடைத்தது ஒழுங்கு நடவடிக்கை. தூங்காமல் ஓட்டினாலும் குற்றம், தூங்க வேண்டும் என்று கேட்டாலும் குற்றம்!

சார்ஜ் ஷீட் எழுதுமுன், அந்த டிரைவரின் முந்திய பதினைந்து நாள் வேலைக் கணக்கை விசாரணை மேஜை மேல் வைக்க வேண்டும் என்று கோருகிறோம். மூன்றாவது இரவுக்கு உத்தரவு போட்ட அதிகாரியும் அதே விதிகளின்படி அதே மேஜை முன் நிற்கட்டும்.