ஆலங்காட்டில் ஐந்து விசைகள்

காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சேர்ந்த திருவாலங்காட்டில்தான் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. மைக்கேல் போர்ட்டர் 1979இல் வகுத்த ஐந்து விசைகள் மாதிரியை அதற்குப் பொருத்திப் பார்த்தோம், தொடக்கத்திலேயே இடறினோம்.

மூலப்பொருள் தருவோரின் பேரம் பேசும் வலிமை குறையக் குறைய நிறுவனத்துக்கு ஆதாயம் என்கிறது அம்மாதிரி. கூட்டுறவு ஆலையிலோ கரும்பு தரும் விவசாயியே பங்குதாரர். அவரைத் தாழ்த்தினால் வெல்வது யார்?

கரும்பின் அடிப்படை விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. எந்தப் பகுதிக் கரும்பு எந்த ஆலைக்கு என்பதும் அரசின் ஒதுக்கீடே. வெட்டிய கரும்போ காத்திருக்கக் காத்திருக்க எடை இழக்கும். ஆகவே காகிதத்தில் விவசாயி வலிமையற்றவர். ஆனால் மறு பருவத்தில் அவர் நெல் நட்டுவிடலாம். ஆலையின் மெய்யான போட்டியாளர் பக்கத்து ஆலையன்று, நெல்வயலே என்பது எங்கள் துணிபு. (மாதிரியின் கட்டங்களில் நெல்லை எங்கே எழுதுவதென்று நெடுநேரம் விவாதித்தோம்.)

1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 14 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்கிறது. இதை வெறும் சட்டக் கடமையாக எண்ணலாகாது. கரும்புப் பணத்தை உரிய நாளில் தருவதே இத்தகைய ஆலை எடுக்கக்கூடிய முதன்மையான வணிக முடிவு. எந்திரங்களைப் புதுப்பிப்பதுகூட அதற்கு அடுத்ததுதான்.