வாசிப்பது வேறு, விளங்குவது வேறு

குரோருட்டில் வார இறுதித் தமிழ் வகுப்பொன்றில் நிகழ்ந்ததை முதலில் கூறிவிடுகிறேன். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் சொக்லேட்டின் வரலாறு பற்றிய பந்தியொன்றைத் தங்குதடையின்றி வாசித்தான். லகர, ளகர, ழகர வேறுபாடுகூடப் பிசகவில்லை. மெக்சிக்கோவின் அஸ்தெக் மக்கள் கொக்கோ விதைகளை நாணயமாகப் பயன்படுத்தினர். அவற்றையே அரைத்துப் பானமாக்கியும் பருகினர் என்று அப்பந்தி கூறியது. "அப்படியானால் அந்தப் பானத்தை யார் பருகியிருப்பர்?" என்று கேட்டேன். அவன் அதே வரியை மீண்டும் வாசித்தான். மூன்றாம் முறையும் வாசித்தான். விடை அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்பட்டதிலிருந்து எழுதப்படாததைக் கண்டறிவதும் வாசிப்பே என்பதை அவனுக்கு நாம் கற்பித்திருக்கவில்லை.

இது தமிழ் வகுப்போடு முடிந்துவிடும் குறை அன்று. எனக்குத் தெரிந்த குடும்பமொன்றுக்கு அரச அலுவலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகனே அதைத் தாய்க்கு வாசித்து மொழிபெயர்த்தான். அதில் 'கிளாகேபிறிஸ்ட்' என்றொரு சொல். 'கிளாகே' என்றால் குறை கூறுதல் என்பதே அவன் அறிந்த பொருள். "எங்களைப் பற்றி ஆரோ முறைப்பாடு செய்திருக்கினம் அம்மா" என்றான். தாய் இரவெல்லாம் அழுதார். உண்மையில் அச்சொல் சுட்டியது மேன்முறையீடு செய்வதற்குரிய காலவரையறையை. அது 3 வாரங்கள். உண்மை தெரியவந்தபோது எஞ்சியிருந்தவை நான்கே நாட்கள். பிள்ளை ஓர் எழுத்தையும் பிழையாக வாசிக்கவில்லை. ஆயினும் அக்கடிதம் அவனுக்கு விளங்கவில்லை.

ஏன் விளங்கவில்லை? 1988ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான றெக்ட், லெஸ்லி ஆகிய இருவரும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு பேஸ்போல் ஆட்டமொன்றைப் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்தனர். வாசிப்பில் பின்தங்கியவராயினும் அவ்விளையாட்டை நன்கறிந்தவர்கள், வாசிப்பில் வல்லவராயிருந்தும் அதனை அறியாதவர்களைவிட நன்கு விளங்கிக்கொண்டனர். சொல்லறிவு மட்டும் போதாது. பொருளறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே எமது தமிழ் வகுப்புகளில் நடுநிலை வகுப்பு மாணவருக்கு வாரமொரு தொடர்பற்ற பந்தியைக் கொடுத்து, 'கோடிட்ட இடம் நிரப்புக' என்று முடிப்பதைக் கைவிட வேண்டும் என்பேன். ஒரே பொருளைப் பற்றி ஆறேழு வாரங்கள் தொடர்ந்து வாசிக்கட்டும். முதல் வாரம் அறிந்தது மூன்றாம் வாரத்துப் பந்தியைத் திறக்கும் சாவியாகட்டும். அதற்குச் சொக்லேட்டைப் போல் பொருத்தமான பொருள் ஒஸ்லோவில் வேறில்லை.

குரோருட்டிலிருந்து நகருக்குச் செல்லும் நிலக்கீழ்த் தொடருந்தில் கார்ல் பேர்னர் சதுக்கத்தில் இறங்கினால் நடைதூரத்தில் பிரையா தொழிற்சாலை. அது 1889இல் தொடங்கப்பட்டது. 1892இல் யொஹான் துறோன ஹொல்ஸ்ட் அதனைப் பொறுப்பேற்றார். 1906இல் அதன் பால் சொக்லேட் விற்பனைக்கு வந்தது. இவை நேரடி வினாக்களுக்குரியவை. 1922இல் எட்வார்ட் மூங்க் என்னும் பெரும் ஓவியர், அங்கு வேலைசெய்த பெண்களின் உணவறைக்கென 12 ஓவியங்கள் தீட்டினார். தொழிலாளர் உண்ணும் அறைக்கு ஒரு முதலாளி ஏன் அத்தகைய ஓவியங்களை வாங்கினார்? இது ஊகித்து விடைகாண வேண்டிய வினா.

மூன்றாவது வகை வினா உறையிலேயே உண்டு. 'ஒரு சிறு துண்டு நோர்வே' என்பது அந்தச் சொக்லேட்டின் புகழ்பெற்ற விளம்பர வாசகம். கொக்கோ மரம் இப்பனிநாட்டில் வளராது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்குள்ள தோட்டங்களில் சிறுவர் உழைப்புப் பற்றிய கவலை இன்னும் தீரவில்லை. நிறுவனமோ 1993 முதல் அமெரிக்கர் கையில். அவ்வாசகம் யாரைச் சொல்லுகிறது, யாரைச் சொல்லாமல் விடுகிறது என்று வகுப்பில் கேட்டேன். "கொக்கோ வெளியிலையிருந்து வந்தாலும் எல்லாரும் நோர்வே சொக்லேட் எண்டுதானே சொல்லுகினம். அப்ப நாங்கள், சேர்?" என்றாள் ஒரு சிறுமி. நான் விடை கூறவில்லை, எழுதிவருமாறு சொன்னேன். இரண்டு பக்கம் எழுதிவந்தாள். அதுவும் தமிழில்.

திருக்குறளும் ஆத்திசூடியும் இருக்கச் சொக்லேட் எதற்கு எனச் சில பெற்றோர் வினவினர். அவர்களின் கவலை நியாயமானதே. தமிழ் வகுப்புக்குக் கிடைப்பதோ வாரத்தில் சில மணித்தியாலங்கள். ஆனால் ஓர் உறையிடம் கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை குறளிடமும் கேள்வி கேட்கமாட்டாது; ஒப்புவித்துவிட்டு இறங்கிவிடும். அன்றியும், இப்பாடத்தில் எமது ஊரும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலேயே மாத்தளை, கண்டிப் பகுதிகளில் கொக்கோ பயிரிடப்பட்டது. எந்தச் சொக்லேட்டானாலும் 'கண்டோஸ்' என்றே கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். பிள்ளை வீட்டில் அதைக் கேட்டெழுதி வரட்டும். கடிதம் வாசிக்கும் வேளையில் பிள்ளையிடம் கையேந்தும் பெற்றோர், இங்கே பிள்ளைக்கு அறிவு தருபவராவர்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளை எதையேனும் வாசித்து முடித்ததும், "வடிவாய் வாசித்தாய்" என்று நிறுத்திவிடாதீர்கள். "இதை ஏன் எழுதியிருக்கினம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சொக்லேட் உறையில் பழகிய கேள்வி, நாளை அஞ்சற்பெட்டியில் வரும் கடிதத்துக்கும் உதவும்.