இதயத்தை யார் நிறுப்பது?

கற்பனை விளையாட்டுகளில் வரும் மம்மிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அட, வெறும் விளையாட்டுதானே, இதுல என்ன ஆராய்ச்சி?" என்று வாயடைத்துவிடுகிறார்கள். விளையாட்டுதான். ஆனால் செத்த பிறகு மனிதனுக்கு என்ன ஆகும் என்று எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் யோசித்து வைத்ததிலிருந்து சாரத்தை உருவிவிட்டு, சக்கையை மட்டும் விற்பவர்களைச் சும்மா விடமுடியாது.

1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பில் மம்மி தொட்டால் உடம்பு அழுகும் நோய் வரும். அவ்வளவுதான் அதன் தத்துவம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. அது பூச்சாண்டி, தன்னைப் பூச்சாண்டி என்றே சொல்லிக்கொள்கிறது.

என் சண்டை, ரசிகர்கள் "ஆழமானது" என்று கொண்டாடும் வார்ஹாமரின் நெஹெகாராவோடு. கெம்ரி நகரத்துப் பேரரசன் செட்ராவுக்குச் சாக மனமில்லை. பொன்னுடலோடு சொர்க்கத்தில் விழிப்பாய் என்று குருமார்கள் வாக்குக் கொடுத்துப் புதைக்கிறார்கள். பல காலம் கழித்து நாகாஷ் என்ற மாந்திரீகன் செய்த சடங்கால் செத்தவர்கள் எல்லாரும் எழுகிறார்கள். செட்ரா கண் திறந்தால் சொர்க்கமும் இல்லை, பொன்னுடலும் இல்லை. காய்ந்த தோலும் கந்தல் துணியும்தான். கோபத்தில் தலைமைக் குரு காட்டெப்பை நாடு கடத்துகிறான்.

நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒன்று காணாமல் போயிருப்பதை யாரும் கேட்பதில்லை. தராசு எங்கே?

எகிப்தில் மூளையை உருவி எறிந்தவர்கள் இதயத்தை உடலிலேயே விட்டுவைத்தார்கள். காரணம், மறுமையில் அதை மாஅத்தின் இறகுக்கு எதிரே நிறுக்க வேண்டும். கொல்லவில்லை, திருடவில்லை, அளவையில் ஏமாற்றவில்லை என்று செத்தவர் 42 தெய்வங்கள் முன் சொல்ல வேண்டும். தேறாத இதயத்தை அம்மிட் என்ற மிருகம் தின்றுவிடும். "ஆரம்பத்தில் மறுமை அரசனுக்கு மட்டும்தானே?" என்று கேட்கலாம். பழைய பிரமிடு வாசகங்கள் அரசர்களுக்கானவைதான். ஆனால் பிற்காலத்தில் எழுத்தர்களும் அந்தத் தராசின் முன் நின்றார்கள். அந்தப் பிற்கால எகிப்தின் தங்க முகமூடியை மட்டும் வார்ஹாமர் எடுத்துக்கொண்டது, தராசை விட்டுவிட்டது.

உஷப்தியைப் பாருங்கள். மறுமையின் வயலில் முதலாளிக்குப் பதிலாக மண்வெட்டி பிடிக்க வேண்டிய கையடக்கப் பொம்மை அது. துட்டன்காமுன் கல்லறையில் மட்டும் 413 இருந்தன. வார்ஹாமரில் அது ராட்சதப் போர்ச்சிலை. வேலைக்காரன் காணாமல் போனான், ஆயுதம் மட்டும் மிஞ்சியது.

தராசு இல்லாத சொர்க்கம் அரசனுக்கும் குருவுக்கும் இடையிலான வியாபாரம். அதனால்தான் செட்ராவின் கோபம் சரக்கு சரியில்லை என்று கடைக்காரனிடம் கத்துபவனின் கோபமாகவே நின்றுவிடுகிறது. "நான் என்ன செய்தேன்?" என்று அவன் ஒருமுறையும் கேட்பதில்லை. அவனோடு புதைக்கப்பட்ட சிப்பாய்களோ எலும்பான பிறகும் வரிசை கலையாமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள்?

2024-இல் 'தி ஓல்ட் வேர்ல்ட்' வழியாகக் கெம்ரியின் படைகள் மறுபடி மேசைக்கு வந்துவிட்டன. வாங்குங்க, வண்ணம் பூசுங்க, ஆடுங்க. ஆனால் அடுத்த ஆட்டத்தில் கதை நடத்துபவர் செட்ராவின் எதிரே ஒரு தராசை வைக்கட்டும். அதைப் பிடித்திருப்பது அந்தச் சிப்பாய்களில் ஒருவனாக இருக்கட்டும்.